குழந்தைச் சாப்பாடு அரைக்கும் மெஷின்: நாலு மாதம் பாவித்த பிறகு

மகளுக்கு ஐந்தரை மாதமாக இருந்தபோதே வாங்கியாயிற்று. லண்டனில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி, இது இல்லாமல் பிள்ளைக்குச் சாப்பாடு தொடங்கவே முடியாது என்கிற மாதிரிச் சொல்ல, இவர் அடுத்த சனிக்கிழமையே திருகோணமலை டவுனில் ஒரு கடையில் 14,500 ரூபா கொடுத்து வாங்கிவந்து மேசையில் வைத்தார். மேலே ஒரு கிண்ணம், பக்கத்தில் தண்ணீர் ஊற்றச் சின்னத் தொட்டி, முன்னால் ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் ஆவியில் அவிக்கும், மறுபக்கம் திருப்பினால் அரைக்கும். பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. பிராண்ட் பெயர் எழுதப் போவதில்லை. இந்த வகை மெஷின்கள் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன, எதை வாங்க நினைப்பவருக்கும் நான் சொல்வது பொருந்தும்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்ததால் அதுவரை பெட்டியைத் திறக்கவில்லை. சோறு தீத்தியது கோணேசர் கோயிலில். (கோட்டை வாசலில் இருந்து அந்த வெயிலில் மேலே ஏறி முடிக்க எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, மகளோ சோற்றைவிட வழியில் நின்ற மான்களைத்தான் வாய் பிளந்து பார்த்தாள்.) அடுத்த நாள் காலை மெஷினுக்குத் திறப்பு விழா.

நாலு துண்டு பூசணிக்காய் போட்டுப் பதினைந்து நிமிடம் ஆவியில் விட்டேன். பதமாக அவிந்திருந்தது, நிறம்கூட மாறவில்லை. அரைக்கப் போனால் பிளேட் சும்மா சுற்றுகிறது. தொடக்கத்தில் ஒரு நேரத்துக்குப் பிள்ளை சாப்பிடுவதே இரண்டு மூன்று மேசைக்கரண்டி. அவ்வளவு கொஞ்சத்தைப் போட்டால் அது கிண்ணத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளுமே தவிர பிளேட்டில் படாது. கூட வந்த கையேட்டைப் பார்த்தால் தண்ணீர் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்தேன், நன்றாக அரைபட்டது, சூப்பாகவும் ஆகிவிட்டது. மகள் மடமடவென்று குடித்தாள், நானும் வெற்றி என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தபோது பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை. கரண்டியில் அள்ளி மெல்லச் சரித்தார், அத்தனையும் வழிந்து கிண்ணத்துக்குள் போய்விட்டது. "தங்கச்சி, இது குடிக்கிற சாமான். கரண்டியைச் சரிச்சாலும் சாப்பாடு அதில நிக்க வேணும்" என்றார். ஆறு முதல் எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேலதிகமாக ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி சாப்பாட்டில் இருந்து போக வேண்டுமாம். எட்டு மாதப் பிள்ளையின் வயிறோ ஒரு நேரத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அந்த வயிற்றைப் பூசணித் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு எங்கே இடம்? 14,500 ரூபாவுக்கு வாங்கிய சாமானை ஒரு கரண்டி கவிழ்த்துவிட்டது.

அன்றைக்கே அம்மா தேங்காய்ப்பால் வடிக்கிற கம்பி வடியைக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி எடுத்து வந்தார். குழைய அவித்த சிவப்புப் பச்சையரிசிச் சோறு, மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு கரட். வடியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் அடியில் கெட்டியாக இறங்குகிறது. மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய் முதற்பால், உப்பும் இல்லை, சீனியும் இல்லை. ஐந்து நிமிட வேலை, கழுவ இரண்டே சாமான். இரண்டு கிழமையில் வடியும் தேவைப்படவில்லை, முள்ளுக்கரண்டியால் மசித்தாலே போதுமாக இருந்தது.

ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் மெஷினைத் தொடர்ந்தேன். அது பிழை என்று எட்டரை மாதத்தில்தான் விளங்கியது. ஆறு மாதத்தில் மசியல், எட்டு மாதமளவில் கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய துண்டுகள், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்று பிள்ளை படிப்படியாக ஏறிவர வேண்டும். மெஷினோ எல்லாவற்றையும் களிம்பு மாதிரி ஆக்கிவிடும், நடுத்தரம் என்று ஒன்று அதற்குத் தெரியாது. பகலில் பருக்கையைச் சரியாக மென்றவள் இரவில் ஒரு சின்னக் கட்டி வாயில் பட்டாலும் ஓங்காளித்துத் துப்பினாள். மாமி பயந்து "திரும்ப அரைச்சுக் குடு பிள்ள" என்று நாலு நாள் சண்டை பிடித்தார். நான் அரைக்கவில்லை. அவித்த கரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன், ஒரு கிழமையில் சரியாகிவிட்டது.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: மீனை இதில் போடவே போடாதீர்கள். ஒரு நாள் பாரை மீன் துண்டை முள் எடுத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் போட்டு அரைத்தேன். தீத்துவதற்கு முன் விரலால் தடவிப் பார்த்தபோது நறநறவென்று தட்டுப்பட்டது. மெஷின் முள்ளையும் சேர்த்து நறுக்கிப் பசைக்குள் ஒளித்துவிடுகிறது. கையால் உதிர்த்தால் ஒவ்வொரு முள்ளும் விரலில் படும். கடலைச் சுற்றிவர வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மீன் கொடுக்காமல் இருக்க முடியாது, அதனால் மீனுக்குக் கைதான்.

நல்லதைச் சொல்லாவிட்டால் அநியாயம். கோழி ஈரலுக்கும் கோழி இறைச்சிக்கும் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு இரும்புச்சத்து தாய்ப்பாலில் மட்டும் போதாது, ஈரலும் இறைச்சியும் நல்லது, ஆனால் முள்ளுக்கரண்டியால் கோழி மசியாது. ஆவியில் நன்றாக அவித்து, கொஞ்சம் பருப்பும் சேர்த்து அரைத்தால் கெட்டியாகவே வருகிறது. கிழமைக்கு இரண்டு நாள் இந்த ஒரு வேலைக்குத்தான் இப்போது எடுக்கிறேன். மற்றபடி வீட்டில் இட்லிச் சட்டியும் பிளெண்டரும் இருந்தால் அதையும் அவற்றிலேயே செய்துவிடலாம், பிறகு எதற்கு இது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கழுவுவது பெரிய தொல்லை. பிளேட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் பருப்பு போய் அடைந்துவிடும், ஒரு நாள் விட்டால் மணக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குத் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, மாதம் ஒரு தடவை வினாகிரி ஊற்றித் தேய்க்கிறேன். மழை நாளில் கரண்ட் போனால் பாதி அவிந்ததைத் தூக்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

அந்த ரப்பர் வளையம் மூன்றாம் மாதமே தளர்ந்து கிண்ணத்தின் அடியால் ஒழுகத் தொடங்கியது. கடைக்குக் கொண்டுபோனால், உத்தரவாதம் மோட்டருக்கு மட்டும்தானாம், ரப்பர் கொழும்பில் இருந்து வர வேண்டுமாம். ஒன்றரை மாதமாக "அடுத்த கிழமை, அக்கா" என்கிறார்கள். அடியில் ஒரு துணியை மடித்து வைத்துத்தான் ஈரல் அரைக்கிறேன். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் காசைக் கொடுக்கும் முன் உதிரி வளையம் கடையில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் இரண்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.