தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு: ‘அவநம்பிக்கை’யை வைத்து ஒரு மதிப்பீடு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், அதன் அநுபந்தம் 1939-இலும் வெளிவந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை மின்வடிவாக்கி, எவரும் கட்டணமின்றித் தேடும்படி இணையத்தில் வைத்துள்ளது. மெய்ப்புத் திருத்தும் பணியில் அன்றாடம் அதை நாடுபவன் என்ற முறையில், ஒரே ஒரு சொல்லைக் கொண்டு அதன் பயனை இங்கே மதிப்பிடுகிறேன். ‘அவநம்பிக்கை’யைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், செய்தி மொழிபெயர்ப்புகளில் சந்தேகம், ஐயம், அவநம்பிக்கை, நம்பிக்கையின்மை ஆகிய நான்கும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக இடப்பட்டுப் பொருள் கெடுவதை அடிக்கடி காண்பதுதான்.

பதிவுகளில் பொதுவாக ரோமன் எழுத்தில் ஒலிப்பு, சொற்பிறப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள் ஆகியவை தரப்பட்டு, பழைய நூல்களில் ஆட்சி இருந்தால் மேற்கோளும் சேர்க்கப்பட்டிருக்கும். ‘அவ’ என்னும் வடமொழி முன்னொட்டு ‘நம்பிக்கை’ என்னும் தமிழ்ச் சொல்லோடு கூடி உருவானதே அவநம்பிக்கை. கிறித்தவத் தமிழில் வழங்கும் ‘அவிசுவாசம்’ இதற்கு மாறாக முழுவதும் வடமொழி ஆக்கம்; அது கடவுள்மீது பற்றுறுதி இல்லாமையையே பெரிதும் குறிப்பதால், அண்டைவீட்டாரை நம்பாதவரைப் பற்றி எழுதும்போது பொருந்தி வராது.

இந்தச் சேவையின் உண்மையான வளம் பழஞ்சொற்களில் இருக்கிறது. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்னும் 510-ஆம் குறளை இன்றைய தமிழ் மட்டும் அறிந்தவர் படித்தால், ‘தெளிவு’ என்பதற்குத் தெளிந்த அறிவு என்றே பொருள் கொள்ளக்கூடும். தெளிதல், தேறுதல் ஆகிய இரண்டுக்கும் நம்புதல் என்ற பொருளும் உண்டென லெக்சிகனில் கண்ட பிறகுதான், ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பியவனிடத்தில் ஐயங்கொள்வதும் நீங்காத துன்பம் தரும் என்று அக்குறள் விளங்கும். நம்பிக்கை இழப்பைக் குறிக்க ‘ஐயுறவு’ எத்துணைக் கச்சிதமான சொல் என்பதும் அப்போதே புலப்படும். அதே ‘ஐயம்’ பிச்சையையும் குறிக்கும் என்பதைப் பார்த்துவிட்டால் ஆத்திசூடியின் ‘ஐயம் இட்டு உண்’ குழப்பம் தராது.

வழக்கு என்று வரும்போது இச்சேவை போதவில்லை. மாணவர் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். அவநம்பிக்கை கேட்க முடியாது. ‘மழை வருமா என்பது சந்தேகம்’ என்னும் தொடரிலும் அவநம்பிக்கையைப் பொருத்த முடியாது. ஏனெனில் அதற்கு நம்பத்தக்க ஓர் ஆளோ, அமைப்போ, வாக்குறுதியோ எதிரில் இருக்க வேண்டும். சந்தேகப்படுகிறோம், ஆனால் அவநம்பிக்கை கொள்கிறோம். ‘எதிர்காலம் குறித்த அவநம்பிக்கை’ என்னும்போது சொல் மேலும் நகர்ந்து, நல்லது நடக்காது என்னும் மனச்சோர்வைக் குறிக்கிறது. இவ்வகை இணைப்புகளை எடுத்துக்காட்டு வாக்கியங்களால்தான் கற்பிக்க இயலும். லெக்சிகன் அவற்றைத் தரும் நோக்கில் அமைந்ததன்று.

அரசியல் வழக்கும் அவ்வாறே. 1963-இல் நேரு அரசுக்கு எதிராக ஆச்சாரிய கிருபளானி மக்களவையில் கொண்டுவந்ததை ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்கிறோம்; இலங்கையில் அது ‘நம்பிக்கையில்லாப் பிரேரணை’. இவ்விரு தொடர்களிலும் ‘அவநம்பிக்கை’ வராதது சரியே என்பது என் கருத்து. அவைக்கு அரசின்மீது நம்பிக்கை இல்லை என்பதை அறிவிப்பதே அத்தீர்மானத்தின் வேலை. உறுப்பினர்களின் மனக்கசப்பை அளப்பதன்று. 1930-களில் நிறைவெய்திய அகராதியில் இன்றைய அரசியல் வழக்கைத் தேடுவது முறையாகாது. இதற்கு, 1992-இல் முதலில் வந்து 2008-இலும் 2020-இலும் விரிவாக்கப்பட்ட, க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருபவரை லெக்சிகனின் சுருக்கக் குறியீடுகள் திணறடிக்கும். யாழ்ப்பாண வழக்குக்கு ஓர் ஒற்றை எழுத்து, வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்ததற்கு இன்னோர் எழுத்து என்றிருப்பதால், குறியீட்டுப் பட்டியலை முதலிலேயே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தலைச்சொல்லில் மட்டுமல்லாமல் விளக்கங்களிலும் தேடும் வசதி இருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டும். ஆங்கிலச் சொல்லை இட்டால் அதற்கு நிகராக வழங்கிய தமிழ்ச் சொற்கள் வரிசையாக வரும். அவற்றுள் இன்றும் புழங்குபவை எவை என்பதை மட்டும் க்ரியாவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.