நூறாண்டு கடந்த கிப்சன் ஏ-வகை மாண்டலின்: ஒரு மதிப்புரை

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1902-இல் தொடங்கப்பட்ட கிப்சன் நிறுவனம் 1910-களில் செய்த, நீர்த்துளி வடிவ உடல் கொண்ட ஏ-வகை மாண்டலின் ஒன்றைப் பழைய இசைக்கருவிக் கடையொன்றில் வாங்கி, ஆறு மாதங்களாக வாசித்து வருகிறேன்.

1880-இல் நியூயார்க் வந்த ஸ்பானிய மாணவர் இசைக்குழு வாசித்தது உண்மையில் மாண்டலினை ஒத்த பந்துரியா என்ற ஸ்பானியத் தந்திக்கருவியைத்தான். ஆனால் அந்த வரவேற்பைக் கண்ட இத்தாலியக் குடியேறிகள் தங்கள் மாண்டலின்களுடன் மேடையேற, மாண்டலின் மோகம் அமெரிக்கா எங்கும் பரவியது. அவர்களுடைய நேப்பிள்ஸ் வகைக் கருவியின் முதுகு குடம்போல் உருண்டிருக்கும். மடியில் நிற்காது, வழுக்கும். நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆர்வில் கிப்சன் 1898-இல் காப்புரிமை பெற்ற வடிவமோ, வயலினைப் போலச் செதுக்கிய பலகைகளைக் கொண்டது. பின்னர் நிறுவனம் இசையாசிரியர்களையே முகவர்களாக்கி, தவணை முறையில் விற்று, மாண்டோலா, மாண்டோசெல்லோ, மாண்டோபேஸ் என்று தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய மாண்டலின்கள் உட்படக் குடும்பம் முழுவதையும் செய்து கொடுத்ததால், ஊர்தோறும் மாண்டலின் குழுக்கள் பெருகின.

என் கருவியின் நாதம் அத்தகைய குழுவுக்கே உரியது: முட்டைவடிவத் துளையிலிருந்து இதமாக எழுந்து, பிற கருவிகளோடு கலந்துவிடுகிறது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒலிக்க வேண்டுமெனில், கிப்சன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் மேற்பார்வையில் 1922-இல் வந்த, வயலினைப் போல எஃப் வடிவத் துளைகள் கொண்ட எஃப்-5 மாண்டலின் வேண்டும். அமெரிக்க இசைக்கலைஞர் பில் மன்றோ புளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசைப் பாணிக்குக் கையாண்டது அதைத்தான். விலையைச் சொன்னால் தலை சுற்றும்.

கழுத்து தடிமனானது; தந்திகளின் இழுப்பில் அது வளையாமல் காக்கும் வலுக்கம்பியும் உள்ளே கிடையாது. இது தெரியாமலோ என்னவோ, கடைக்காரர் கனத்த தந்திகளைப் பூட்டியிருந்தார். எட்டையும் கழற்றி மெல்லியவற்றை மாற்றிய பிறகே கருவி வாய் திறந்தது.