கே99/ஆர்00 நல்கை: தனி ஆய்வகம் தேடும் இளம் ஆய்வாளருக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் 2006-இல் அறிவித்த கே99/ஆர்00 என்ற நல்கை (ஆய்வு நிதியுதவி), மூத்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வகத்தில் பணிபுரியும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளர், தமக்கென்று ஆய்வகம் அமைத்துக்கொள்ளத் துணைநிற்பதற்காக வகுக்கப்பட்டது. என்ஐஎச்சின் பயிற்சி நல்கைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. இதற்கு அந்தத் தடை இல்லை. ஜே-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அங்கே ஆய்வு செய்யும் நம்மவர்கள் முதலில் பரிசீலிக்க வேண்டிய நல்கை இதுதான் என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம்.

முதல் கட்டமான கே99 வழிகாட்டியின் ஆய்வகத்திலேயே அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் நடக்கும். அதற்குள் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தால், ஆர்00 என்ற இரண்டாம் கட்டம் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய இடத்தில் தொடரும். வேலை கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் இந்த இரண்டாம் கட்டம் தரப்படுவதில்லை. பணியமர்த்தும் பல்கலைக்கழகம் ஆய்வகத்துக்கு எவ்வளவு இடமும் தொடக்க நிதியும் ஒதுக்குகிறது, ஆய்வாளரின் நேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை ஆய்வுக்கென விடுவிக்கிறதா என்பதையெல்லாம் என்ஐஎச் அலுவலர்கள் பார்த்த பிறகே ஒப்புதல் தருகிறார்கள். பேரம் பேசத் தயங்கும் இளம் ஆய்வாளருக்கு இந்தப் பரிசீலனை பெரும் பாதுகாப்பு; இத்திட்டத்தின் மிகச் சிறந்த கூறாக நான் இதையே சொல்வேன்.

குறை பணத்தில் இருக்கிறது. ஆர்00 கட்டத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 2,49,000 டாலர் என்று நெடுங்காலமாக அப்படியே நிற்கிறது. கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் மறைமுகச் செலவும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். நேரடி ஆய்வுச் செலவின் மீது ஒரு விகிதமாக அது கணக்கிடப்படுகிறது. முதல் கட்டத்தில் அந்த விகிதம் 8 சதவீதம்தான். இரண்டாம் கட்டத்திலோ நிறுவனத்தின் முழு விகிதமும் பொருந்தும். அது 60 சதவீதமாக உள்ள இடத்தில் ஆய்வாளரின் கைக்கு வருவது ஏறத்தாழ 1,55,000 டாலர். தமது ஊதியத்தில் ஒரு பங்கு, ஓர் உதவியாளரின் ஊதியம், வேதிப்பொருள்கள், ஆய்வு எலிகளின் பராமரிப்பு என அனைத்தையும் அதற்குள் முடிக்க வேண்டும். விலைவாசி இவ்வளவு ஏறிய பிறகும் வரம்பை உயர்த்தாமல் இருப்பது நியாயமில்லை.

போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுகளைத் தாண்டியவர் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. குழந்தைப் பேற்றுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்பது வரவேற்கத்தக்கது. ஆனால் நாட்பட்ட நோய்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளில் நான்கு ஆண்டுக்குள் கட்டுரை வெளிவருவதே அரிது. அத்தகையவர்களுக்கு இவ்வரம்பு பாதகமாகவே அமைகிறது.

புதிய விண்ணப்பங்களுக்குப் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று தவணைகள் உண்டு. முடிவு தெரியப் பல மாதங்கள் ஆகும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி ஒரே ஒரு முறை மீண்டும் அனுப்பலாம் என்றாலும், அப்போதும் நான்கு ஆண்டு வரம்பு கடந்திருக்கக் கூடாது. ஆகவே கட்டுரை வெளிவரட்டும் என்று நான்காம் ஆண்டுவரை காத்திருப்பவர் அந்த இரண்டாம் வாய்ப்பைத் தாமே இழக்கிறார். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலாவது முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.