டிபிரிவியூ தளத்துடன் 2006 முதல்: ஒரு பாம்பன் ஸ்டூடியோக்காரரின் பயன்பாட்டு அனுபவம்

பாம்பனில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, தேவாலயத் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு என்று படமெடுப்பது தொழில். பனிக்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கும் பூநாரைகளை எடுப்பது ஆசை. இரண்டுக்கும் வேண்டிய கேமராக்களையும் லென்ஸ்களையும் 2006 முதல் டிபிரிவியூ என்ற கேமரா மதிப்பாய்வுத் தளத்தைப் படித்த பிறகே வாங்கியிருக்கிறேன். கேமரா வாங்க மதுரைக்குப் போய்வர எங்களுக்கு ஒரு முழு நாள் ஆகும். போன இடத்திலும் பெட்டியைப் பிரித்து இரவு வெளிச்சத்தில் சோதித்துப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். ஆகவே, எனக்காக வேறொருவர் பொறுமையாகச் சோதித்து, எடுத்த படங்களையும் முன்னால் வைத்தது பெரிய உதவியாக இருந்தது.

1998-இல் பில் ஆஸ்கி என்பவர் தொடங்கிய தளம் அது. 2007 மே மாதம் அமேசான் அதை விலைக்கு வாங்கிய செய்தியை ராமநாதபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் படித்தபோது, இனி இதை நம்பக்கூடாது என்றே முடிவு செய்தேன். கேமரா விற்பவரே கேமராவுக்கு மதிப்பெண் போட்டால், அந்த மதிப்பெண் யாருக்காகப் போடப்படுகிறது என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அதன்பின் பல மாதங்கள், முடிவுரைப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு மாதிரிப் படங்களை மட்டுமே பார்த்து, நானே ஒரு முடிவுக்கு வந்த பிறகு அவர்கள் எழுதியதைப் படித்து ஒத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. குறைகளின் பட்டியல் சுருங்கவில்லை. எல்லா நிறுவனங்களின் கேமராக்களையும் விற்கும் கடைக்கு, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதால் பெரிய ஆதாயம் இல்லை என்பது போகப் போகப் புரிந்தது.

ஆனால் அத்தகைய கடைக்கு ஆதாயம் தராத அறிவுரை ஒன்று உண்டு: "இருக்கும் கேமராவே போதும், புதிது வாங்காதே" என்பது. நான் உண்மையில் சோதித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று எண்ணினேன்.

அதற்கு விடை தந்தது, அத்தளத்தின் ஸ்டூடியோ ஒப்பீட்டு வசதி. நூல்கண்டுகள், முகப் படங்கள், பொடி எழுத்துகள் முதலியவற்றை ஒரே பலகையில் அமைத்து, ஒவ்வொரு கேமராவாலும் அதே காட்சியைப் படமெடுத்து வைத்திருப்பார்கள். நான்கு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் நூலிழை கரைந்து வண்ணப் புள்ளிகளாகிறது என்று நம் கண்ணாலேயே பார்க்கலாம். கேமரா பதிவு செய்தபடியே இருக்கும், மெருகேற்றாத ரா கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். சந்தனக்கூடு ஊர்வலம் விடியலுக்கு முந்தைய இருட்டில், அலங்கார விளக்குகளின் வெளிச்சத்தில் நகர்வதால், ஐ.எஸ்.ஓ. 3200-இல் முகம் முகமாகத் தெரிகிறதா என்பதே எனக்கு முக்கியம். 2013-இல் நிக்கான் டி7100 வாங்கியது இப்படிப் பார்த்துத்தான். 2015-இல் டி7200 வந்தபோது, இரண்டின் ஐ.எஸ்.ஓ. 6400 படங்களையும் அருகருகே வைத்து ஓர் இரவு முழுவதும் பார்த்தேன். என் ஆல்பத்தில் அச்சாகும் அளவுக்கு வித்தியாசம் மிகக் குறைவு. எனவே கேமராவுக்கு வைத்திருந்த பணத்தில் பூநாரைக்காக ஒரு நீள லென்ஸ் வாங்கினேன். 2017-இல் வந்த டி7500-இல் கார்டு வைக்கும் இடம் ஒன்றே ஒன்று என்பதைப் பார்த்ததும் அதையும் விட்டுவிட்டேன். தாலி கட்டும் நேரத்துப் படங்களை ஒரே கார்டை நம்பி எடுக்கும் துணிவு எனக்கு இல்லை. கடைக்குச் சொந்தமான ஒரு கருவி, இரண்டு முறை என்னை வாங்கவிடாமல் தடுத்தது. அந்த ஆசிரியர் குழுவின் மீது எனக்குள்ள மரியாதை இதிலிருந்து வந்தது.

குறை என்று சொன்னால், எங்கள் உப்புக் காற்றைப் பற்றி அந்த மதிப்பாய்வுகளில் ஒன்றும் கிடைக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே எடுத்த கேமராவை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்காவிட்டால், திருகாணிகள் துருப்பிடிக்கும்; லென்ஸுக்குள் பூஞ்சை படரும். ஒரு லென்ஸை இப்படி இழந்த பிறகுதான் இதற்கென்று தனிக் குறிப்பேடு வைத்தேன்.

2007-இல் நான் பயந்தது ஒன்று, 2023-இல் நடந்தது வேறொன்று. மதிப்பெண்ணைத் திருத்துவார்கள் என்று காத்திருந்தேன். தளத்தையே மூடப்போவதாக அறிவித்தார்கள். அமேசான் மேலும் 9,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகச் சொன்ன மறுநாள், மார்ச் 21 அன்று, ஏப்ரல் 10 உடன் டிபிரிவியூ நிற்கும் என்ற செய்தி வந்தது. ஏறத்தாழ 25 ஆண்டு உழைப்புக்கு மூன்று வாரம் கூடத் தரப்படவில்லை. 2011-இல் அமேசான் வாங்கியிருந்த புக் டெபாசிட்டரி புத்தகக் கடையும் அதே ஏப்ரலில் மூடப்பட்டது. பெரிய கடையின் கணக்கில் நஷ்டமோ லாபமோ தெரியாத அளவுக்குச் சிறிய பகுதியாகிவிட்ட ஒன்றை மூடுவதற்கு அது கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தன்னார்வலர்கள் பலர் பக்கங்களைப் பிரதியெடுக்க முனைந்தார்கள். நானும் இரவு கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்து, என்னிடமுள்ள கேமராக்களின் பக்கங்களையும் மாதிரிப் படங்களையும் முடிந்தவரை சேமித்தேன்.

அதே ஆண்டு ஜூனில் கியர் பேட்ரோல் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம் தளத்தை வாங்கி, தொடர்ந்து நடத்துவதாக அறிவித்தது. பழைய மதிப்பாய்வுகளும் ஒப்பீட்டு வசதியும் பிழைத்தன. இப்போது, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா என்று மறுபடி அதே நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது: ஒப்பிடத் தொடங்கும் முன்பே, வேண்டிய ரா கோப்புகளை இறக்கி என் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுகிறேன்.