நாய் உள்ள வீட்டுக்குச் செடி வாங்க: சுங்கை சிப்புட்டில் ஒரு நாற்றங்கால்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் சாலையோரத்தில் உள்ள சிறிய நாற்றங்காலுக்கு மூன்று முறை போய் வந்த பிறகே இதை எழுதுகிறேன். செடியைக் கேட்டவுடன் விலையைச் சொல்லாமல், "வீட்டில் நாய் இருக்கிறதா தம்பி?" என்று முதலில் விசாரித்தவர் நான் பார்த்தவரையில் இந்தக் கடைக்கார அக்கா ஒருவர்தான்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு வேறொரு கடையில் வாங்கிய, சிறு பனை போலிருக்கும் சைகஸ் செடியை எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வைத்திருந்தோம். ஒரு மாலை எங்கள் நாய் மணி அதன் இளங்குருத்தை மென்றுவிட்டான்; சிறிது நேரத்துக்கெல்லாம் வாந்தி எடுத்து, எச்சில் ஒழுகச் சுருண்டு படுத்துவிட்டான். ஈப்போவில் கால்நடை மருத்துவர் நான்கு நாட்கள் மருந்தேற்றித்தான் அவனுடைய ஈரலைக் காப்பாற்றினார். சைகஸின் இலை, தண்டு, வேர் அனைத்தும் நாய்க்கு நஞ்சு; விதையில் ஓரிரண்டே உயிரைப் பறிக்கப் போதும். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் செடி எங்கள் வாசலுக்கே வந்திருக்காது.

முனீஸ்வரருக்குச் சாத்த அரளி வேண்டும் என்று இந்த அக்காவிடம் கேட்டபோது, அவர் பழைய நாளிதழைக் கையில் சுற்றிக்கொண்டு மஞ்சள் அரளியின் சிறு கிளையை ஒடித்துக் காட்டினார். ஒடிந்த இடத்தில் வெள்ளைப் பால் துளித்துளியாகக் கட்டி நின்றது. மஞ்சளோ சிவப்போ, அரளியின் நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்றும், காய்ந்து உதிர்ந்த இலையிலும் அது போகாது என்றும் விளக்கினார். சாமிக்குச் சாத்திக் கழற்றிய அரளி மாலையைக் கொல்லையில் போட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; நாய்க்குட்டி இழுத்து விளையாடுவது அதைத்தான் என்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அரளிக்குப் பதிலாகச் செம்பருத்தி, இட்லிப்பூ, குண்டுமல்லி மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். மூன்றும் இப்போது நன்றாகப் பூக்கின்றன. நிழலுக்கு நான் கேட்ட டிஃபன்பாக்கியா என்ற அகன்ற இலை அழகுச் செடியையும் தர மறுத்துவிட்டார். அதை மென்றால் ஊசி போன்ற நுண்படிகங்கள் நாயின் வாயிலும் நாக்கிலும் குத்தி வீங்கச் செய்யுமாம். விற்பனை போனாலும் பரவாயில்லை என்ற அந்த மனம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

குறைகளும் உண்டு. தொட்டிகளில் செருகிய பெயர் அட்டைகள் மழையில் வெளுத்துப்போய் எந்தச் செடி என்றே தெரியவில்லை. அக்கா இல்லாத நேரத்தில் அங்கு நிற்கும் பையனுக்கு இவ்விவரம் எதுவும் தெரியாது. அதைவிட முக்கியமாக, நத்தை மருந்து உரப் பைகளுக்கு நடுவே எச்சரிக்கை ஏதுமின்றி அடுக்கப்பட்டிருக்கிறது. மெட்டால்டிஹைடு கலந்த அந்த மருந்துக் குருணையை நாய் தீனியென்று எண்ணித் தின்றால் உடம்பு நடுங்கி வலிப்பு வந்துவிடும். செடி விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருப்பவர் இதைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். நான் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

விலை பட்டணத்துக் கடைகளைவிட ஓரிரு வெள்ளி கூடுதல்தான். எனக்கு அது பொருட்டில்லை. போகிறவர்கள் காலை வேளையில், அக்கா இருக்கும்போது போங்கள். வீட்டு முற்றத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் சென்றால், ஏற்கெனவே நிற்கும் செடிகளில் எதைப் பிடுங்க வேண்டும் என்பதையும் பார்த்துச் சொல்வார்.