பழசாகத் தெரியணும், பழுதாகக் கூடாது: பினாங்கு ஈரத்தில் மாடல் ரயில் மரப்பாலங்கள்

மாடல் ரயிலுக்கு மரப்பாலம் கட்டச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிரும் வறட்சியுமான ஊர்க்காரர்கள் எழுதியவை. அவர்கள் சிபாரிசு செய்யும் மரமும் பசையும் பாயான் பாருவில், சன்னல் திறந்தே கிடக்கும் அடுக்குமாடி வீட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கதை. இங்கே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். சில வருஷங்களாக என் மேசையில் நிற்கும் பாலங்களில் எது தாங்கியது, எது உளுத்தது, எது மூட்டுவிட்டுப் பல்லிளித்தது என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டி முடித்த அன்று எல்லாப் பாலமும் அழகுதான்.

நான் ஓட்டுவது ஓஎன்30. அளவு 1:48, தண்டவாள அகலம் 16.5 மி.மீ., நிஜத்தில் 30 அங்குலப் பாதை. பாக்மன் நிறுவனம் 1998இல் இந்த அளவில் வண்டி விட ஆரம்பித்த பிறகு இது சாதாரண ஆட்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ (1:87) மாடல்களின் தண்டவாள அகலமும் இதேதான் என்பதால் சக்கரம், மோட்டார் எல்லாம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மேசையில் இருப்பது ஒரு கற்பனைச் செம்பனைத் தோட்டம். பேராக்கில் பழக்குலைகளை ஆலைக்கு இழுத்துப்போகும் சின்ன ரயில்கள் உண்டல்லவா, அந்த ஜாதி. மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் போர்ட் வெல்டுதான் இன்றைய கோலா செபெத்தாங். சுற்றிலும் மாத்தாங் சதுப்புநிலக் காடு, பாக்காவ் எனும் கண்டல் மரம். என் முதல் பாலத்துக்கு யோசனை அங்கிருந்து வந்தது: தோட்டத்து வாய்க்காலின் மேல், உருட்டுப் பாக்காவ் கம்பங்களை ஊன்றி நிறுத்திய குட்டிப் பாலம்.

பாக்காவ் கம்பத்துக்கு சாத்தே குச்சியை, அதாவது இறைச்சி செருகிச் சுடும் மூங்கில் குச்சியை விடப் பொருத்தமான பொருள் கிடையாது. 3 மி.மீ. குச்சி 1:48இல் கிட்டத்தட்ட 14 செ.மீ. பருமனுள்ள கம்பம். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கம் போனால் ஒரு கட்டு கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும். பளபளப்பைச் சுரண்டிவிட்டுச் சாயம் ஏற்றினால் அசல் போலவே இருக்கும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், உளுக்கும் வண்டுகளுக்கு அது விருந்து. வாய்க்கால் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வண்டு வெளியேறும் ஓட்டை ஒன்றரை மி.மீ. இருக்கும். 1:48 கணக்கில் பார்த்தால் ஒரு பெருச்சாளி தாராளமாகப் புகுந்து போகலாம்!

பூச்சியும் மர ரயிலும் இந்த நாட்டில் பழைய பகையாளிகள். ஜொகூரில் மகாராஜா அபு பக்கர் காலத்தில், 1869இல், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி மரத் தண்டவாளத்திலேயே ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். கரையான் தின்று தீர்த்தது. நம் மேசைக்குத் தீர்வு இருக்கிறது. ரப்பர் மரம் வெட்டியதும் பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் இரையாகிவிடும், அதனால்தான் மரச்சாமான் தொழிற்சாலைகள் அதை போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்துகின்றன. அதே வேலையை, போரான் உப்புகளில் ஒன்றான போராக்ஸ் கரைத்த வெந்நீரில் வீட்டிலேயே செய்யலாம். குச்சிகளை ஓர் இரவு ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு சாயம். இந்த உப்பு தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும், ஆகவே பால்கனியில் மழை படும் பாலத்துக்கு உதவாது. வீட்டுக்குள் நிற்கும் பாலத்துக்குப் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஏற்கெனவே புழு இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் குச்சிக் கட்டைப் பையில் இறுகக் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைக்கலாம். "ஏங்க, மீன் வைக்கிற இடத்துல குச்சியா?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, பெரிய பாலத்துக்கு வருவோம். பள்ளத்தின் மேல் நீளமாகப் போகும், பென்ட் எனப்படும் தூண் சட்டகங்களின் மேல் நிற்கும் டிரெஸ்டல் வகை அது. வீட்டுக்கு வரும் பெரியவர்கள் உயரமான மரப்பாலத்தைப் பார்த்தாலே "சயாம் ரயிலா தம்பி?" என்றுதான் கேட்பார்கள். 1942, 43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கி.மீ. தூரத்துக்குப் போட்ட அந்தப் பாதையில் எத்தனை தோட்டத்துத் தமிழர்கள் போய்த் திரும்பவில்லை என்பது நம் வீடுகளில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாய்லாந்தில் அதன் தம் கிராசே மரப்பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. கட்டுமானம் படிக்க அதைவிட நல்ல பாலம் கிடையாது, படங்களைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் மேசை அலங்காரமாக அதைச் செய்ய மனம் வரவில்லை. என் பாலம் தோட்டத்துப் பாலமாகவே, கொஞ்சம் தாழ்வாகவே இருக்கிறது.

மரம், இங்கே விளையும் ஜெலுத்தோங். நீண்டகாலப் பயன்பாட்டில் என் முதல் மதிப்பெண் இதற்குத்தான். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் பாஸ்வுட் வாங்கு என்கின்றன. வாங்கிப் பார்த்தேன், நல்ல மரம், ஆனால் கப்பல் கூலி கொடுத்து வரவழைக்கும் அளவுக்கு ஜெலுத்தோங்கை விட உயர்ந்தது இல்லை. ஜெலுத்தோங் இலேசானது, நரம்பு நேராகவும் நுண்மையாகவும் ஓடும், கத்திக்கு எதிர்ப்பே காட்டாது. பென்சில் செய்ய இதை எடுப்பது சும்மா இல்லை. மரப்பட்டறையில் துண்டு மரம் கேட்டு, 6 மி.மீ. தடிமனுக்குப் பலகையாக அறுத்து வாங்கிக்கொண்டால் போதும். நிஜத்தில் 12 அங்குலச் சதுரத் தூண் 1:48இல் 6.35 மி.மீ. வரும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் சூயிங்கம் செய்வதற்காக இந்த மரத்திலிருந்து பால் எடுத்தார்கள். பால் ஓடிய குழாய்கள் மரத்துக்குள் கீறல் கீறலாகத் தெரியும். கீறல் உள்ள துண்டைத் தூணுக்கு எடுக்காமல் பாலத்தின் கீழே கழிவுக் கட்டையாகப் போட்டுவிடலாம். நீலக்கறைப் பூஞ்சணம் இதில் சீக்கிரம் பிடிக்கும், மரச்சாமான்காரருக்கு அது நஷ்டம், நமக்கு இலவசச் சாயம்.

சாயத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஜார்ஜ்டவுன் சீனக் காகிதக் கடைகளில் விற்கும் தூரிகை மையை மருந்தகத்து ஆல்கஹாலில் சில சொட்டு விட்டுக் கலப்பது. மை அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். வருஷக்கணக்கில் நிறம் மாறவில்லை, அது கரி அல்லவா. இரண்டாவது, இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்த தண்ணீர். அது மரத்திலுள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துதான் கறுக்கும். ஜெலுத்தோங்கில் டானின் குறைவு, அதனால் முதலில் திக்கான தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) பூசிக் காயவைக்க வேண்டும். கோசோங் என்றால் கோசோங், சீனி சேர்ந்தால் எறும்பு வரிசை கட்டும். எந்த வழியானாலும் சாயம் முதலில், பசை பிறகு. பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும்.

தேநீர் வழியில் எதிர்பாராத ஒரு லாபம். பிளாஸ்டிக் போல்ட் தலைகளுக்குப் பதிலாகக் குண்டூசித் தலைகளை வெட்டிச் செருகியிருந்தேன். நம் ஊர் ஈரத்தில் அவை தாமாகத் துருப்பிடித்து, டானின் ஏறிய மரத்தில் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கறுப்பு வளையம் விழுந்தது. எந்தத் தூரிகையாலும் அப்படி வரைய முடியாது.

பசைதான் பாலத்தின் ஆயுள். பள்ளிக்கூட வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும், தொடர்ந்து எடை இருந்தால் மெல்ல நகரும். அதில் ஒட்டிய குறுக்குச் சட்டங்கள் மழை மாதங்களில் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. சூப்பர் குளூ சீக்கிரம் பிடிக்கும், ஆனால் இடித்தால் கண்ணாடி மாதிரி விட்டுவிடும், துடைப்பம் பட்டாலே போதும். டைட்பாண்ட் 3 என்ற மரப்பசை இன்னும் அசையவில்லை, இளம் பழுப்பாகக் காய்வதால் கறுத்த மரத்தில் தெரிவதும் இல்லை. விலை கூட, ஆனால் ஒரு குப்பி நெடுநாள் வரும்.

கட்டும் விதத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நாட்டுப்புறப் பாலம் என்றால் கோணல்மாணலாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கோணலான பாலத்தின் மேல் எந்த டிரைவரும் எஞ்சினை ஏற்ற மாட்டான். நடுத்தூண்கள் நெட்டுக்குத்தாக, ஓரத்தூண்கள் இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்து, எல்லாச் சட்டகமும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். காகிதத்தில் முழு அளவு வரைந்து, மேலே பசை ஒட்டாத அடுப்புக் காகிதம் (பேக்கிங் பேப்பர்) போட்டு, கட்டைகளைத் தடுப்பாக ஒட்டி, எல்லாவற்றையும் அந்த அச்சிலேயே செய்யுங்கள். சட்டகங்களுக்கு நடுவே 15 அடி என்றால் மேசையில் 95 மி.மீ. வளைவில் பாலம் வந்தாலும் உத்திரம் வளையாது. நேர்க்கட்டைகள்தான் சட்டகத்துக்குச் சட்டகம் திசை மாறிப் போகும். பாலத்தில் சிலிப்பர் கட்டைகள் தரையில் இருப்பதைவிட நெருக்கமாக வரும், நீளமும் கூட. வயசைக் காட்ட வேண்டுமென்றால் கம்பித் தூரிகையால் நரம்பை இழுத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு சட்டத்தைப் புது நிறத்தில் வையுங்கள். போன மாதம் மாற்றியதுபோல் தெரியும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மென்தூரிகையால் தூசி தட்டுவேன். சுவரோரமாகக் காற்றுப்படாத பக்கம் மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும், ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும். அப்புறம் சாத்தே குச்சிப் பாலத்தை மட்டும் பதப்படுத்திய குச்சிகளில் இரண்டாம் முறையாகப் புதிதாகக் கட்டினேன், இதுவரை தூள் கொட்டவில்லை. பாஸ்வுட் மிச்சம் இருக்கிறது. ஹெச்ஓ அளவில், 1 மி.மீ.க்கு வரும் மெல்லிய சட்டங்களுக்கு அதுவே வசதி, ஜெலுத்தோங்கை அவ்வளவு மெல்லிசாகக் கையால் சீவுவது பெரும்பாடு. அந்த அளவில் கட்டுபவர்கள் கப்பல் கூலியை யோசிக்காமல் வாங்கிவிடலாம்.