முழு இன்ஸ்டாலரைக் கொடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறேன். கடை சிஸ்டங்களில் மென்பொருள் போடுவதும் எடுப்பதும் பல வருடங்களாக என் வேலைதான். ஒரு மென்பொருள் நன்றாக ஓடுகிறதா என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அது சிஸ்டத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மென்பொருளை சிஸ்டத்தில் பதிக்கும் ஃபைல்தான் இன்ஸ்டாலர். என்னை அதிகம் வாட்டுவது குட்டி இன்ஸ்டாலர். இறக்கும்போது இரண்டு மூன்று எம்பிதான் இருக்கும். கிளிக் செய்த பிறகுதான் உண்மையான மென்பொருளை நெட்டிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும். எவ்வளவு இழுக்கப்போகிறது என்று பெரும்பாலும் சொல்லாது. நடுவில் லைன் போனால் பல இன்ஸ்டாலர்கள் மறுபடி முதலிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் கடை திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட தொல்லை என்று தெரியும். காற்றடித்தால் கேபிள் அறுந்துவிடும், கரண்ட் போய்ப்போய் வரும், கடைசியில் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை ஓடும். அந்த நேரம் பார்த்து ஒரு ஹார்ட் டிஸ்க் போனால் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். பக்கத்து சிஸ்டத்திலும் அதே மென்பொருள் வேண்டுமென்றால், அதே நூற்றுக்கணக்கான எம்பியை இன்னொரு முறை இழுக்கும். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் அதுவரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

முழு ஃபைலைக் கொடுப்பது முடியாத காரியமா? கடிதம், கணக்கு வேலைக்கான லிப்ரே ஆபீஸ் முந்நூறு எம்பிக்கு மேல், ஆனாலும் ஒரே ஃபைலாகக் கிடைக்கிறது. வீடியோ ஓட்டும் விஎல்சியும் அப்படித்தான். ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் வெறும் ஒன்றரை எம்பி. எதையும் கேட்காமல், கூட எதையும் கூட்டி வராமல் சில வினாடிகளில் வேலையை முடித்துவிடும். குரோமுக்கும் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் உண்டு, கொஞ்சம் தேடி எடுக்க வேண்டும்.

அடுத்தது பிரிண்டர். கடைக்கு வாங்கிய ஆல்-இன்-ஒன்னுக்கு எனக்குத் தேவைப்பட்டது, சிஸ்டமும் பிரிண்டரும் பேசிக்கொள்ள உதவும் டிரைவர் மட்டும். வந்ததோ இங்க் ஆர்டர் செய்ய ஒரு ஷார்ட்கட், ஒரு அப்டேட்டர், ஒரு கருத்துக்கணிப்பு. ஸ்கேன் செய்வதற்குக் கணக்கு தொடங்கி லாகின் செய்யச் சொன்னது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தந்த விஷயம். ஜனங்கள் ஆதாரையும் நிலப் பத்திரத்தையும் நம்பிக் கொடுக்கிறார்கள். காகிதத்தைப் படம் எடுக்கும் இயந்திரத்துக்கு என் மின்னஞ்சல் எதற்கு? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடிப்படை டிரைவரை மட்டும் போட்டு, விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' வழியாக ஸ்கேன் செய்கிறேன். குறை எதுவும் இல்லை.

அப்புறம் ஆப்டேட்டா விவகாரம். ஒவ்வொரு லாகினுக்கும் விண்டோஸ் தனியாக வைத்திருக்கும் ஃபோல்டர் அது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எதையாவது போட வேண்டுமானால் விண்டோஸ் அட்மின் அனுமதி கேட்கும். அதைத் தவிர்க்கப் பல மென்பொருள்கள், லாகின் செய்திருப்பவரின் ஆப்டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு பிரதி சேர்ந்து 128 ஜிபி எஸ்எஸ்டி சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. இவற்றில் பாதி சிஸ்டம் ஆன் ஆனதும் தானாக ஓடவும் ஆரம்பிக்கும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2019 மே அப்டேட்டில் விண்டோஸ் 10-லேயே தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு வந்துவிட்டது. யூனிகோடில் அடிக்கத் தனியாக ஒன்றைப் போடும் வேலை அதோடு மிச்சம்.

இப்போது முழு இன்ஸ்டாலர்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் அந்தந்த அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுத்து, பிராப்பர்ட்டீஸில், ஃபைல் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தால் அதையும் பார்த்துவிட்டுச் சேர்க்கிறேன். பழைய பிரவுசர் ஆபத்து என்பதால் மழைக்காலம் தொடங்கும் முன் எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிடுவேன். முழு ஃபைல் தராத மென்பொருளுக்கு வேறொன்று கிடைத்தால், அந்த வேறொன்றுதான் கடைக்கு.